பன்னெண்டாவது பானை

ஜெயசித்ரா: வந்துட்டாங்க அண்ணா.

கலைச்செல்வன்: யாரு வந்துட்டாங்க? போன்ல அழுவுற மாதிரி பேசுனியேன்னு லாரிய குவாரிலயே போட்டுட்டு ஓடியாரேன்.

ஜெயசித்ரா: மெதுவா பேசு. எதுத்தாப்புல மெஸ்ல இட்லி சாப்புட்டுக்கிட்டு இருக்காங்க. முடிச்சிட்டு இங்கதான் வருவாங்க.

கலைச்செல்வன்: யாரு பாப்பா?

ஜெயசித்ரா: திருவிழாவுக்கு வந்த ஒரு அம்மா.

கலைச்செல்வன்: கல்லங்குறிச்சிக்கா? அது பங்குனியிலயே முடிஞ்சுபோச்சே. பரவால்ல, பஸ் ஏத்தி வுடு. பெருமாளயாவது பாத்துட்டுப் போவட்டும்.

ஜெயசித்ரா: கல்லங்குறிச்சிக்கு இல்ல. நம்ம சுண்ணாம்போடைக்கு.

கலைச்செல்வன்: சுண்ணாம்போடையில என்னா திருவிழா?

ஜெயசித்ரா: பன்னெண்டு பானைத் திருவிழா.

கலைச்செல்வன்: அப்படி ஒண்ணு கெடையாதே.

ஜெயசித்ரா: கெடையாதுன்னு எனக்குத் தெரியாதா? நான்தானே அத எழுதுனவ.

கலைச்செல்வன்: அந்தக் கம்ப்யூட்டர் கிளாஸ் ப்ராஜெக்டா?

ஜெயசித்ரா: அதேதான்.

கலைச்செல்வன்: அது மார்க்குக்குப் போட்டதுன்னுல்ல சொன்ன?

ஜெயசித்ரா: மார்க்குக்குத்தான். பெரம்பலூர்ல எங்க சார், அவங்கவங்க ஊரப் பத்தி ஒரு வெப்சைட் செஞ்சு நெட்டுல ஏத்துங்கன்னாரு. கூடப் படிச்சதுங்க சிறுவாச்சூர் காளியம்மன் கோயிலு, கல்லங்குறிச்சிக் கோயிலுன்னு ஆளுக்கொண்ணு புடிச்சிக்கிட்டாங்க. நம்ம ஊர்ல நான் எதப் போடறது? நீ சுண்ணாம்புக் கல்லு அள்ளுற குழியவா?

கலைச்செல்வன்: குழிக்கு என்னா கொறச்சல்? மழ பேஞ்சா நல்லாத்தான் இருக்கும்.

ஜெயசித்ரா: சும்மாரு. ஒரு பானை படம் செஞ்சேன். மேல ஆவி பறக்கற மாதிரி. அந்த ஆவிய அசைய வைக்கவே எனக்கு மூணு நாளாச்சு. அசைஞ்ச அன்னிக்கு நான் சீட்டுல உக்காரவே இல்ல, நின்னுக்கிட்டே பாத்தேன். இவ்வளவு அழகா வந்த பானைக்கு ஒரு திருவிழா வேணாமான்னு தோணிச்சு...

கலைச்செல்வன்: பானைக்காக ஒரு திருவிழா.

ஜெயசித்ரா: பன்னெண்டு வூடு, பன்னெண்டு பானை, ஒவ்வொண்ணுலயும் ஒரு பண்டம். ஆடி கடைசி வெள்ளி. தமிழு சில சிஸ்டத்துல கட்டம் கட்டமா தெரியுதுன்னு அடியில இங்கிலீஷ் எழுத்துலயும் பண்டத்துப் பேரெல்லாம் போட்டேன். தொடர்புக்குன்னு நான் வேல பாக்குற இந்த பிரவுசிங் சென்டர் அட்ரஸும் போட்டேன்.

கலைச்செல்வன்: அட்ரஸ் வேற. சரி, அந்தம்மா எந்த ஊரு? செந்துறையா, ஜெயங்கொண்டமா?

ஜெயசித்ரா: மலேசியா.

கலைச்செல்வன்: ... எது?

ஜெயசித்ரா: மலேசியால ஈப்போன்னு ஒரு ஊராம். மெட்ராஸ்ல பிளேன்லேர்ந்து எறங்கி, ரயிலேறி, ரயிலடி லாட்ஜ்ல பையப் போட்டுட்டு நேரா இங்க. கையில கலர் பிரிண்ட் வச்சிருக்காங்க அண்ணா. நான் போட்ட பச்சை பார்டரு. என் பானை. ஆவி மட்டும் அசையல.

கலைச்செல்வன்: அந்தப் பக்கத்த எத்தினி பேரு பாத்திருக்காங்கன்னு ஓரத்துல ஒரு கவுண்டர் வச்சிருந்தியே. எவ்வளவு காட்டுது?

ஜெயசித்ரா: நாப்பத்தொண்ணு. முப்பத்தெட்டு நானு. ரெண்டு எங்க சாரு. ஒண்ணு நீ.

கலைச்செல்வன்: நான் எங்க பாத்தேன்?

ஜெயசித்ரா: பாக்கலியா? பாக்கறேன் பாக்கறேன்னு சொன்னியே.

கலைச்செல்வன்: சொன்னேன். பாக்கல.

ஜெயசித்ரா: அப்ப அந்த ஒண்ணு... இவங்கதான். அண்ணா, கடலுக்கு அந்தாண்ட ஒருத்தங்க உக்காந்து அமுக்கியிருக்காங்க. இங்க அரியலூர்ல நாப்பது நாப்பத்தொண்ணா மாறியிருக்கு. எனக்குக் கையெல்லாம் ஜில்லுன்னு இருக்கு. தொட்டுப் பாரு.

கலைச்செல்வன்: பயத்துலதான் ஜில்லுன்னு இருக்கு. போயி உள்ளதச் சொல்லிடு. அம்மா, இது படிப்புக்கு எழுதுனது, மன்னிச்சிடுங்கன்னு சொல்லு.

ஜெயசித்ரா: வாயத் தொறக்கறதுக்குள்ள அவங்க கேட்டுட்டாங்க. பன்னெண்டாவது பானைய வெளியூர்லேர்ந்து வந்தவங்கதான் தொறக்கணும்னு போட்டிருக்கே, போன வருஷம் யாரு தொறந்தாங்கன்னு.

கலைச்செல்வன்: அப்படி வேற எழுதி வச்சியா? ஏன் பாப்பா?

ஜெயசித்ரா: நம்ம தெருவுக்கு வெளியாளு ஒருத்தரு வந்து, கையலம்பிட்டு, எல போட்டு உக்காந்து சாப்புட்டு நீ பாத்திருக்கியா? ஓட்டு கேட்டு வரவங்க கூட கலரு பாட்டில அவங்களே ஒடச்சுக் குடிச்சிட்டுப் போயிடுவாங்க. தண்ணி கூட வாங்க மாட்டாங்க. எழுத்துலயாவது வரட்டுமேன்னு எழுதுனேன். இப்ப நெசமாவே வந்து உக்காந்திருக்காங்க. அவங்க மூஞ்சியப் பாத்து அது பொய்யின்னு எப்படிச் சொல்லுவேன்? நம்ம ஊர்ப் பேரே பொய்யின்னு நெனச்சிட்டா? ஷ்ஷ்... வராங்க.

அமிர்தவல்லி: நல்லா பசியாறிட்டேன்மா. இந்தத் தம்பி யாரு?

ஜெயசித்ரா: எங்கண்ணன்ங்க. கலைச்செல்வன். குவாரில லாரி ஓட்டுது. அண்ணா, இவங்க பேரு அமிர்தவல்லி. டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க.

அமிர்தவல்லி: வணக்கம் தம்பி.

கலைச்செல்வன்: ...

ஜெயசித்ரா: அண்ணா, வணக்கம் சொல்றாங்க.

கலைச்செல்வன்: ... வணக்கம்ங்க. இன்னொரு தடவ சொல்லுங்க.

அமிர்தவல்லி: எதைப்பா?

கலைச்செல்வன்: இல்லங்க... ஒண்ணுமில்லங்க. உக்காருங்க. ஃபேன் இந்தப் பக்கம் வரும்.

ஜெயசித்ரா: என்னாச்சு ஒனக்கு? ஏன் எழுந்து நிக்குற?

அமிர்தவல்லி: நான் ஒண்ணு கேக்கணும்மா. நீ இந்த இணைய வானொலி எல்லாம் கேப்பியா? கம்ப்யூட்டர்ல வருமே.

ஜெயசித்ரா: இல்லங்க. எனக்குப் பக்கம் போடறதுதான் பைத்தியம். கலரு, கட்டம், படம். காதுல மாட்டிக்கிட்டு உக்கார நேரமில்லங்க. ஒரு நாளு கூட கேட்டதில்ல.

அமிர்தவல்லி: ஓ... ஒரு நாள் கூட இல்லையா. சரிம்மா. சும்மாதான் கேட்டேன்.

ஜெயசித்ரா: அம்மா, நானும் ஒண்ணு சொல்லணும். நாளைக்கு அந்தத் திருவிழா... அது வந்து...

கலைச்செல்வன்: பன்னெண்டு மணிக்குங்க.

ஜெயசித்ரா: அண்ணா.

கலைச்செல்வன்: நாளைக்கு மதியம் பன்னெண்டு மணிக்கு. நானே வந்து கூட்டிக்கிட்டுப் போறேன். ரயிலடி லாட்ஜ்ல ரூம் போட்டிருக்கீங்கல்ல, அங்கயே இருங்க.

அமிர்தவல்லி: பன்னெண்டாவது பானையில நாவப்பழக் களிதானே? மாத்திடலையே?

கலைச்செல்வன்: ... மாத்தலீங்க.

அமிர்தவல்லி: சந்தோஷம். நான் போயி கொஞ்சம் படுக்கறேன். ரெண்டு நாளா பயணம்.

ஜெயசித்ரா: ...போயிட்டாங்க. என்னா காரியம் பண்ணிட்ட நீ? உள்ளதச் சொல்லுன்னு சொன்னவன் நீதானே?

கலைச்செல்வன்: அது அப்போ.

ஜெயசித்ரா: ரெண்டு நிமிஷத்துல என்னா மாறிப்போச்சு?

கலைச்செல்வன்: அவங்கள சும்மா திருப்பி அனுப்ப முடியாது பாப்பா. அவ்வளவுதான். கேக்காத.

ஜெயசித்ரா: நல்லாருக்கு. கூழு, களி, சோளச்சோறுன்னு பதினொரு பானைய எப்படியோ தேத்திடலாம். நாவப்பழக் களிக்கு எங்க போறது? அதுவும் நீ சொன்னதுதான். பன்னெண்டாவதுக்கு ஒண்ணுமே தோணாம உக்காந்திருந்தேன். நீ வழக்கம்போல ஆறு மணிக்கு வந்து, அந்த மூணாம் நம்பர் சிஸ்டத்துல ஹெட்போன மாட்டிக்கிட்டுப் பாட்டு கேட்டுக்கிட்டு இருந்த. ஒன்னயக் கேட்டேன். நாவப்பழக் களின்னு போடு, அப்பா வழியில செய்வாங்கன்ன.

கலைச்செல்வன்: சொன்னேன்.

ஜெயசித்ரா: அம்மாவுக்கே அது தெரியாது. போன வாரம் கேட்டுப் பாத்தேன், பேரே புதுசா இருக்குன்னுது.

கலைச்செல்வன்: எனக்குத் தெரியும். பழத்தக் கொட்டை எடுத்துப் பெசஞ்சு சாறு வச்சிக்கணும். சோள மாவ ஒலையில போட்டு, பாதி வெந்ததும் சாற ஊத்தணும். கருப்பட்டி. கடைசில ரெண்டு கல்லு உப்பு. கெளறும்போது துடுப்ப ஒரே பக்கமா சுத்தணும். வலப்பக்கமா.

ஜெயசித்ரா: மாவக் கையால தொட்டதில்ல, இவ்வளவு வெவரமா சொல்ற?

கலைச்செல்வன்: பழத்துக்கு நான் பொறுப்பு. நீ போயி அம்மாக்கிட்ட பேசு.

*

கலைச்செல்வன்: இந்தா பழம். குவாரி மேட்டு மரத்துலேர்ந்து உலுக்குனது. சீசன் முடியப் போவுது, இவ்வளவுதான் இருந்துச்சு.

ஜெயசித்ரா: என்னாண்ணா இது, நாவப்பழம்னா கருப்பா இருக்கும். இது வெள்ளையா இருக்கு.

கலைச்செல்வன்: சுண்ணாம்புத் தூசி. ஏழெட்டுத் தண்ணி வுட்டுக் கழுவு, கருப்பாயிடும். வெள்ளிக்கிழமையும் அதுவுமா லீவு போட்டு மரமேறியிருக்கேன். மேஸ்திரி திட்டுறான். ... தெருவுல என்னா இவ்வளவு பொகை?

ஜெயசித்ரா: போயி எட்டிப் பாரு.

கலைச்செல்வன்: பாத்துட்டுத்தான் வரேன். எத்தினி அடுப்பு?

ஜெயசித்ரா: பன்னெண்டு.

கலைச்செல்வன்: ஒரு நாலு பானை கேளு, மிச்சத்த நம்ம வூட்டுலயே ஒப்பேத்திடலாம்னுல்ல சொன்னேன்.

ஜெயசித்ரா: நாலுதான் கேட்டேன். பன்னெண்டு வந்துடுச்சு. குஞ்சம்மா சித்தி வரகரிசிச் சோறு. ஆண்டாயி பெரியம்மா கம்பங்கூழு. மொச்சக் குழம்பு ஒரு வூடு, கொள்ளு ரசம் ஒரு வூடு. பிரிண்ட்ட கையில வச்சிக்கிட்டு வரிசையாப் படிச்சேன், வரிசையாக் கைய தூக்குனாங்க. கம்ப்யூட்டர்ல நான் அடுக்குனது அப்படியே தெருவுல நிக்குது அண்ணா. என் கண்ண என்னாலயே நம்ப முடியல.

கலைச்செல்வன்: என்னான்னு சொல்லிக் கேட்ட?

ஜெயசித்ரா: உள்ளதத்தான் சொன்னேன். நான் பொய்யா ஒண்ணு எழுதுனேன், ஒரு அம்மா அத நம்பி கடலத் தாண்டி வந்துடுச்சு, நம்ம தெருவுல சாப்புடணும்னு. திட்டுவாங்கன்னுதான் நெனச்சேன். ஆண்டாயி பெரியம்மா மட்டும் கேட்டுச்சு. நம்ம தெருவுலயா? நம்ம கையாலயான்னு. ஆமான்னேன்.

கலைச்செல்வன்: அப்புறம்?

ஜெயசித்ரா: அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்கல. எழுந்து போயி பரண்லேர்ந்து பானைய எறக்குனுச்சு. அதப் பாத்துட்டு மத்தவங்களும் எழுந்துட்டாங்க.

கலைச்செல்வன்: களிய யாரு கெளறறது?

ஜெயசித்ரா: நம்ம அம்மா. ஒரே பக்கமா சுத்தணும்னு சொல்லிட்டேன். என்னா புதுச் சட்டமோன்னு முனகுது, ஆனா சுத்துது. நீ போயி குளி. தூசியோட போயி அவங்கள வண்டியில ஏத்தாத. ஆமா, மொத மொத பொண்ணு பாக்கப் போற மாதிரி எதுக்கு வெள்ளச் சட்டைய எடுத்து வச்சிருக்க?

கலைச்செல்வன்: வெள்ளிக்கிழமையாச்சே.

*

அமிர்தவல்லி: இந்தப் புளிய மரத்துக்கிட்டயா பஸ் நிக்கும்?

ஜெயசித்ரா: ஆமாங்க. மூணேகாலுக்கு ஒண்ணு. ரயிலுக்குச் சரியா இருக்கும். எங்கம்மா இன்னும் ரெண்டு வாய் சாப்புட்டிருக்கலாம்னு கொறபட்டுக்கிட்டாங்க.

அமிர்தவல்லி: இன்னும் ரெண்டு வாயா? பன்னெண்டு பானையிலயும் சாப்பிட்டேன்மா. கம்பங்கூழ் ஊத்துன அம்மா என் பக்கத்துலயே உக்காந்து, நான் கையை வாய்க்குக் கொண்டுபோறதையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. விழுங்குனதும்தான் அவங்க மூச்சு விட்டாங்க.

ஜெயசித்ரா: அது ஆண்டாயி பெரியம்மா.

அமிர்தவல்லி: என் கையைப் புடிச்சு, அடுத்த வருஷமும் வரணும் ஆத்தான்னாங்க. அடுத்த வருஷமும் உண்டான்னு நான் கேட்டேன். பின்ன, வருஷா வருஷம் நடக்கறதாச்சேன்னு ஒரே போடா போட்டாங்க.

கலைச்செல்வன்: ... பெரியம்மாவா அப்படிச் சொன்னுச்சு?

ஜெயசித்ரா: அம்மா, பன்னெண்டாவது பானைய நீங்க தொறந்தப்ப ஏங்க அழுதீங்க? எங்க தெருவே பதறிப்போச்சு. களி கெட்டுப்போச்சோன்னு எங்கம்மா ஓடியாந்துட்டாங்க.

அமிர்தவல்லி: கெடலம்மா. ஊதாவா, அப்படி ஒரு நெறம், பளபளன்னு. மூடியத் தூக்குனதும் ஆவி வந்துச்சு பாரு. தாள்ல அசையாம இருந்த ஆவி. அது என் மூஞ்சி வரைக்கும் எழும்பி வந்துச்சு. அதான்.

ஜெயசித்ரா: இதுக்கு மேல என்னால மனசுல வச்சிக்க முடியாது. அம்மா, நீங்க என்னைய என்னா வேணா சொல்லுங்க. இப்படி ஒரு திருவிழாவே கெடையாதுங்க.

கலைச்செல்வன்: பாப்பா...

ஜெயசித்ரா: இரு அண்ணா. படிப்புக்காக நான் இட்டுக்கட்டி எழுதுனதுங்க. இன்னிக்கு நடந்ததுதான் மொத தடவ. நீங்க வந்ததாலதான் நடந்துச்சு. ஒங்கள ஏமாத்திட்டேன்.

அமிர்தவல்லி: தெரியும்மா.

ஜெயசித்ரா: ... என்னாங்க தெரியும்?

அமிர்தவல்லி: திருவிழா பொய்யின்னு தெரியும். ஈப்போவுல டிக்கெட் எடுக்கறப்பவே தெரியும்.

ஜெயசித்ரா: எப்படிங்க? தெரிஞ்சுமா வந்தீங்க?

அமிர்தவல்லி: நாவப்பழக் களின்னு ஒண்ணு எந்த ஊர்லயும் கெடையாதும்மா. அது நான் இட்டுக்கட்டுனது.

ஜெயசித்ரா: நீங்களா?

அமிர்தவல்லி: என் வீட்டுப் பின் ரூம்ல ஒரு மைக் வச்சுக்கிட்டு இணைய வானொலி நடத்தறேன். மூங்கில்தோப்பு வானொலின்னு பேரு. ரிட்டயர் ஆனதுக்கப்புறம் அதுதான் எனக்குப் பைத்தியம், உனக்குப் பக்கம் போடற மாதிரி. ஒரு நாள் சமையல் குறிப்பு எழுதி வச்ச தாளக் காணோம். ஜன்னல்ல பாத்தா நாவல் மரம். வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். துடுப்ப ஒரே பக்கமா, வலப்பக்கமா சுத்துங்கன்னு வேற சேத்துக்கிட்டேன். இன்னிக்கு உங்கம்மா வலப்பக்கமாவே சுத்தறதப் பாத்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு.

ஜெயசித்ரா: அப்ப இன்னிக்கு நாங்க சாப்புட்டது...

அமிர்தவல்லி: நானும் இன்னிக்குத்தான் மொத தடவையா சாப்பிட்டேன். இவ்வளவு நல்லா இருக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாது.

ஜெயசித்ரா: எம்மா... எம்மாடி.

அமிர்தவல்லி: கேக்கறவங்க எத்தனை பேருன்னு கம்ப்யூட்டர் ஓரத்துல ஒரு எண்ணு காட்டும். நாளு பூரா பூஜ்யம். எங்க நேரம் எட்டரைக்கு, அதாவது உங்க ஊர்ல ஆறு மணிக்கு, ஒண்ணுன்னு மாறும். ஒரு மணி நேரம் கழிச்சு திரும்பவும் பூஜ்யம். அது ஆளு இல்லம்மா, நம்ம மிஷினே தன்னை எண்ணிக்குதுன்னு என் மகன் சிரிப்பான். நானும் அப்படித்தான் நெனச்சேன். சுவத்துக்கிட்ட பேசிக்கிட்டு இருக்கோம், மூடிடலாம்னு முடிவே பண்ணிட்டேன்.

ஜெயசித்ரா: அப்புறம் எப்படி எங்க பக்கம்...

அமிர்தவல்லி: மூடப்போற அன்னிக்கு, ஒரு கிறுக்குல, அந்தக் களியோட பேர இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுத் தேடிப் பாத்தேன். உலகம் பூரா தேடிட்டு ஒரே ஒரு பக்கத்தக் கொண்டுவந்துச்சு. ஆவி பறக்கற பானை. நான் எழுந்து நின்னுட்டேன். நான் சொன்னது யாரோ ஒருத்தர் காதுல விழுந்திருக்கு. அந்த ஆளப் பாக்கணும்னுதான் கெளம்புனேன். ஆனா நீ ஒரு நாள் கூட கேட்டதில்லன்னு நேத்தே சொல்லிட்ட...

ஜெயசித்ரா: அம்மா, பன்னெண்டாவது பண்டத்த நான் எழுதலீங்க. அப்பா வழியில செய்வாங்கன்னு எனக்குச் சொன்னது... அண்ணா, நீ ஆறு மணிக்கு வந்து ஹெட்போன்ல பாட்டா கேட்ட?

அமிர்தவல்லி: தம்பி?

கலைச்செல்வன்: லாரி ஓட்டுறவன் சமையல் குறிப்பு கேக்கறான்னா சிரிப்பாங்கன்னுதான் யாருக்கும் சொல்லல... உங்க மிஷின் இல்லீங்க. அந்த ஒண்ணு நான்தான்.